வெறியர் என்ற சொல்லுக்கு நான் வேர் கண்ட கதை

இந்த வீட்டில் இனிமேல் மூடநம்பிக்கைக்கு இடமில்லை என்று ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானம் போட்டேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். என் மனைவி சம்பூர்ணம் அப்போது கொல்லையில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"செவியில் விழுந்ததா, சம்பூர்ணம்?"

"இன்னா?"

"இந்த இல்லத்தில் இனி மூடநம்பிக்கைக்கு இடமில்லை."

"அந்த மியாவுக்கும் எடமில்லன்னு ஒரு வார்த்த சேத்துக்க. மீன் மேலயே கண்ணா குந்திகினு கீது."

மியாவ் என்றது பூனையை. சம்பூர்ணம் பூனையைப் பூனை என்று சொல்லமாட்டாள். ஏனென்றால் என் பெயர் பூவராகவன். புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது அவள் பிறந்த குப்பத்துச் சட்டம். பெயரை விலக்கினால் போதாதென்று அதன் முதல் எழுத்தையே விலக்கி வைத்துவிட்டாள். பூக்காரியிடம், "அத்த ஒரு மொழம் குடு" என்பாள். பூட்டு அவளுக்கு 'சாவி போடறது'. பூசணிக்காய் 'பெரிய காய்'. பூரி செய்கிற நாளில் ஒன்றும் சொல்லாமல் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒரு 'பூ' வெளியே வந்ததில்லை. வச்சலா பிறக்கும் வரை நான் 'இந்தா'. பிறந்த பிறகு 'வச்சலா நைனா'. வச்சலா எங்கள் ஒரே மகள்.

இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் நான் சொல்லாராய்ச்சி செய்கிறேன் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

செங்கல்பட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர். பிறந்தது நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் குப்பம். சம்பூர்ணத்துக்கும் அதே குப்பம்தான். என் அண்ணன் தம்பிகள் கட்டுமரம் ஏறினார்கள். எனக்கு அலையைக் கண்டாலே வாந்தி வரும். ஆகையால் படிக்க வைத்தார்கள். படித்ததை நான் சும்மா விடவில்லை. செங்கல்பட்டுச் சொல்லாராய்ச்சிக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்து, மாதம் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேசி வந்தேன்.

கழகத்தின் பெயர் நீளம், ஆட்கள் குறைவு. தலைவர் பட்டாபிராமன் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். அவருக்கு ஒரு காது கேட்காது. நான் பேசும்போது அந்தக் காதைத்தான் என் பக்கம் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் பாதியில் எழுந்து காப்பி சாப்பிடப் போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்பவன் ஒருவன்தான். மூர்த்தி. கோவளத்துப் பையன், எங்கள் ஜனம், தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நான் பேச்சை நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும், மூர்த்தி கைதட்டுவான். எந்த இடத்தில் தட்டவேண்டும் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஞானம்.

வச்சலாவை அவனுக்குத்தான் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். மாப்பிள்ளை தேடுகிறவர்கள் சொத்து பார்ப்பார்கள், உத்தியோகம் பார்ப்பார்கள். நான் காது பார்த்தேன்.

இதற்குக் குறுக்கே டிரெய்னிங் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய வச்சலா, தாயும் மகளுமாகச் சேர்ந்து எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டு, மதராஸில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் வாங்கிவிட்டாள். ஆவணி பிறந்ததும் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் இடம் போய்விடும்.

"பொண்ணு ரெண்டு வருசம் படிச்சிட்டு வரட்டுமே" என்றாள் சம்பூர்ணம்.

"முடியாது. மூர்த்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"பொம்பளைங்கள்லாம் படிக்கணும்னு மேடைல ஏறி நீதான பேசின?"

"அது மேடை. இது வீடு."

"அப்ப வூட்டுக்குள்ள ஒரு மேட கட்டு. அதுல ஏறி நின்னு ஒரு தபா சரின்னு சொல்லிட்டு எறங்கிடு."

கதவுக்குப் பின்னால் வச்சலா கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நன்றாகப் படிக்கிற பெண். ஆனால் மூர்த்தியைப் போல் ஒரு காது மறுபடி கிடைக்காது. அந்தப் பேச்சை அத்துடன் முடித்தேன்.

ஆடி மாதத்துக்கு நான் எடுத்துக்கொண்ட சொல் 'வெறியர்'. பத்திரிகையைப் பிரித்தால் அந்தச் சொல்தான். மதவெறியர் என்கிறார்கள், சாதிவெறியர் என்கிறார்கள். எங்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் என்னைப் பார்த்தே மொழிவெறியர் என்று ஒரு நாள் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் சொல்லும் ஒரு சொல், அது எங்கே பிறந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தோண்டிவிடுவது என்று இறங்கினேன்.

இதில் வீட்டுக்கும் ஒரு லாபம் பார்த்தேன். வருஷா வருஷம் ஆடி மாதம் சம்பூர்ணம் குப்பத்துக்கு, கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் திரும்பி வரும் வரை எனக்கு ஓட்டல் சாப்பாடு. அங்கே சாமி வந்து ஆடுகிறவர்கள்தான் ஆதி வெறியர்கள் என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் அந்தப் பயணம் நிற்கும் அல்லவா? அதற்காக என் பேச்சைத் தினமும் சாயங்காலம் அடுப்பங்கரை வாசலில் நாற்காலி போட்டு உரக்கப் படித்துப் பழகினேன். அவள் கேட்கிறாளோ இல்லையோ, காதில் விழுந்துதானே ஆகவேண்டும்.

"பண்டை நாளில் வெறி என்பது இன்று நாம் சொல்லும் வெறி அன்று!" என்று ஆரம்பிப்பேன். இங்கே ஒரு சிறு இருமல். "தலைவி மெலிகிறாள். உண்ணவில்லை, உறங்கவில்லை. தாய் அஞ்சுகிறாள். முருகனுக்குப் பூசை செய்யும் வேலனை அழைக்கிறாள். அவன் களம் அமைத்து ஆடுகிறான். தெய்வம் அவன்மேல் இறங்குகிறது. அந்த ஆட்டம் வெறியாட்டு. அந்த இடம் வெறிக்களம். ஆகவே தோழர்களே, தெய்வம் ஏறப்பெற்றவனே முதல் வெறியன்!"

தண்ணீர் குடித்தேன். கைதட்டல் இல்லை. கடுகு வெடித்தது.

"அந்தப் பொண்ணுக்கு இன்னா ஒடம்பு?" என்றாள் சம்பூர்ணம்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் மனத்தில் ஒரு விருப்பம் இருக்கிறது. அது தாய்க்குத் தெரியாது. வேலனுக்கும் தெரியாது. தெய்வக் குற்றம் என்று அவன் சொல்கிறான், இவர்கள் நம்புகிறார்கள். தலைவியும் தோழியும் தமக்குள் சிரித்துக்கொள்கிறார்கள்."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பாட்டில் அப்படித்தான் இருக்கிறது."

"பாட்டு கட்டனது ஆம்பளையா?"

"பெண்பாற் புலவரும் பாடியிருக்கிறார்."

"அப்ப அம்மாக்காரிக்குத் தெரிஞ்சிதான் கீது. வெளிய காட்டிக்கல."

ஆராய்ச்சி அறியாதவள். சிரித்துவிட்டு மேலே போனேன்.

மேலே என்பது என் பேச்சின் நடுப்பகுதி. பேச்சுக்கு உயிரே அதுதான். வெறி என்றால் நறுமணம். மணத்திலிருந்து கள். கள்ளிலிருந்து மயக்கம். மயக்கத்திலிருந்து அச்சம். அச்சத்திலிருந்து தெய்வம். ஒவ்வொரு பொருளுக்கும் நிகண்டிலிருந்து சான்று, சான்றுக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. நான் நடுப்பகுதியைத் தொடங்கும்போது உலையில் அரிசி போட்டால், முடிக்கும்போது சோறு வடித்து ஆறியிருக்கும்.

முடிவுப்பகுதி தலைவர் பட்டாபிராமன் தந்தது. ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல காதைத் திருப்பிக் கேட்டார்.

"பேஷ், பூவராகவன்! இங்கிலீஷ்லயும் இதே கதைதான். ஃபேனடிக்னு சொல்றாளே, அது லத்தீன்லேர்ந்து வந்தது. ஃபேனம்னா கோயில். கோயில்லே ஆவேசம் வந்து ஆடறவன்தான் ஃபேனடிக்."

எனக்குப் புல்லரித்தது. வெள்ளைக்காரன் சொல்லும் நம் சொல்லும் ஒரே கோயில் வாசலில் பிறந்தவை! அதையே முத்தாய்ப்பாக வைத்துவிட்டேன்.

"எல்லாம் சரி" என்றார் பட்டாபிராமன். "ஆவேசம் வந்து ஆடறதை நேர்லே பாத்திருக்கேளா?"

"சிறு வயதில் பார்த்தது."

"சின்ன வயசு சாட்சி செல்லாது. இன்னொரு தரம் பாத்துட்டு வந்து பேசுங்கோ."

இதற்காகக் குப்பத்துக்குப் போகவேண்டுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வச்சலா சாப்பாட்டை நிறுத்தினாள்.

தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். நாட்கள் போயின. ஒன்றும் உண்ணாவிட்டாலும் அவள் கன்னம் குறையவில்லை. இளம் வயதின் வலிமை என்று நினைத்துக்கொண்டேன். குழம்புச் சட்டியில் மீன்தான் எப்படியோ குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பழியைப் பூனைமேல் போட்டு அதை நாலு தடவை விரட்டினேன்.

டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்றேன்.

"இது டாக்டர் நோவு இல்ல" என்றாள் சம்பூர்ணம். "கூழு ஊத்தற அன்னிக்கு இட்டுனு போயி ஆத்தா முன்னால நிறுத்தணும்."

வேறு சமயமாக இருந்தால் தீர்மானத்தை எடுத்து வாசித்திருப்பேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு மின்னல் அடித்தது. பெண் மெலிகிறாள், அதாவது உண்ணவில்லை. தாய் அஞ்சுகிறாள். தெய்வத்திடம் ஓடுகிறாள். என் பேச்சு என் வீட்டிலேயே நடக்கிறது! பட்டாபிராமன் கேட்ட சாட்சியும் கிடைக்கும். கூடவே ஒரு திட்டமும் உதித்தது. சாமியாடியின் முன்னால் போய் நின்று, வெறி என்னும் சொல்லின் வேர் என்ன என்று கேட்டுவிடுவது. தெய்வமாக இருந்தால் தெரிந்திருக்க வேண்டும். குப்பத்தில் வழக்கமாகச் சாமி வருவது சம்பூர்ணத்தின் அண்ணி வேண்டாவின்மேல். வேண்டாவுக்கு எழுத்தே தெரியாது, சொல்லின் வேர் எங்கே தெரியப்போகிறது? சாமி விழிக்கும். ஊர் பார்க்கும். அத்துடன் சம்பூர்ணத்தின் ஆடிப் பயணம் முடியும்.

"சரி, போகலாம்" என்றேன்.

"நெசமாவா?" என்று என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சம்பூர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். தோள் குலுங்கியது. பாவம், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

மூர்த்தியையும் சாட்சிக்கு வரச்சொன்னேன்.

"நான் கேள்வி கேட்பேன். சாமி திணறும். நீ கைதட்டு."

"எந்த எடத்துல தட்டணும் அய்யா?"

"அது உனக்கா தெரியாது?" என்று அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் வரை பஸ். அங்கிருந்து மணலில் நடை. நாங்கள் போய்ச் சேரும்போது நல்ல உச்சிவேளை. கெங்கையம்மன் கோயில் எதிரே பழைய பாய்மரத் துணியைக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். கொப்பரை கொப்பரையாகக் கூழ். பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பம்பைக்காரர் சின்னராசு அம்மனை அழைக்கும் வர்ணிப்பைப் பாட ஆரம்பித்திருந்தார்.

ஆனால் வேண்டா ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"முட்டி நோவு, அண்ணாத்த" என்றாள் என்னிடம். "இந்த வருசம் ஆத்தா எம்மேல வர மாட்டேன்னு கனவுல சொல்லிட்டா."

"பார்த்தாயா மூர்த்தி?" என்றேன். "புலவர் வருகிறார் என்றதும் சாமிக்கு முட்டிவலி."

எனக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்டது. திரும்பினேன்.

சம்பூர்ணம்.

தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. கையில் வேப்பிலை. மஞ்சள் தண்ணீர் சொட்டும் புடவையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தாள். வெயில் தாங்காமல் மயக்கம் என்று நினைத்தேன்.

"சம்பூர்ணம், நிழலுக்கு வா" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"டேய் பூவராகவா!"

பம்பை நின்றது. அடுத்த அலை வரத் தயங்கியதாக எனக்குத் தோன்றியது. நாட்டார், அதாவது அந்தக் குப்பத்துத் தலைவர், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஜனங்கள் மணலில் விழுந்தார்கள்.

"ஆத்தாதான்! ஆத்தாவேதான்!" என்றார் நாட்டார். "சம்பூர்ணம் வாயில புருசன் பேரு வருமா? நாக்குல நெருப்ப வெச்சாலும் வராதே!"

"பூ எங்கடா?" என்றாள் என் மனைவி. "பூசணிக்கா எங்கடா? நான் வந்துகீறேன், ஒரு மொழம் பூ இல்லாம நிறுத்தி வெச்சிகீறியா? பூ கொண்டாடா, பூவராகவா!"

இத்தனை வருஷமாக அவள் சேர்த்து வைத்திருந்த பூ எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டியது. யாரோ ஓடிப்போய்க் கதம்பம் கொண்டுவந்தார்கள்.

"வாத்யாரே, கும்புட்டு நில்லு" என்றார் நாட்டார். "ஆத்தாளுக்கு இன்னா கொறன்னு கேளு."

நான் நிலைகுலைந்து போனேன். ஆனால் என்னிடம் ஆயுதம் இருந்தது. சம்பூர்ணம் ஆனால் என்ன, வேண்டா ஆனால் என்ன? தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"தாயே! ஒரே ஒரு வினா. வெறி என்னும் சொல்லின் வேர் யாது?"

மூர்த்தி இரண்டு கையையும் தயாராகத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆத்தாள் சிரித்தாள். கடகடவென்று சிரித்தாள். பிறகு பேசினாள்.

"பண்டை நாளில் வெறி என்பது இன்று நாம் சொல்லும் வெறி அன்று!" சிறு இருமல். "தலைவி மெலிகிறாள். உண்ணவில்லை, உறங்கவில்லை. தாய் அஞ்சுகிறாள். முருகனுக்குப் பூசை செய்யும் வேலனை அழைக்கிறாள்..."

என் வாக்கியம். என் நிறுத்தம். என் இருமல்கூட விட்டுப்போகவில்லை. ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"சுத்தத் தமிழு பேசறாடா! பள்ளிக்கூடத்து வாசல மிதிக்காதவ!"

"தெய்வம் ஏறப்பெற்றவனே முதல் வெறியன்!" என்றாள் ஆத்தாள். வேப்பிலையை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். "ஃபேனம் என்றால் லத்தீனில் கோயில்! வெள்ளைக்காரன் சொல்லும் நம் சொல்லும் ஒரே கோயில் வாசலில் பிறந்தவையடா, பூவராகவா!"

"ஆத்தா இங்கிலீசும் பேசறா!" என்று கத்திக்கொண்டு வேண்டா எழுந்து ஓடிவந்து காலில் விழுந்தாள். முட்டி அந்த நிமிஷமே குணமாகிவிட்டது.

எனக்குச் செந்தமிழ் கைவிட்டுப் போனது.

"இன்னாடி இது!" என்று கூவினேன். "நாட்டாரே, இது எம் பேச்சி! எல்லாம் நான் எழுதினது! தெனிக்கும் வூட்ல ஒரக்கப் படிச்சேன். அத்தக் கேட்டுகினு இருந்துட்டு இங்க ஒப்பிக்கிறா!"

நாட்டார் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"படிச்சவன் பேசற பேச்சா இது, வாத்யாரே? புருசன் பேசறத எந்தப் பொண்டாட்டியாவது காது குடுத்துக் கேப்பாளா?"

ஆண்கள் எல்லோரும் தங்கள் மனைவிமாரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். குப்பமே ஒருமனதாக இருந்தது.

"நடுப்பகுதி!" என்றேன். கடைசி நம்பிக்கை அதுதான். "நடுவுல பெரிய பகுதி ஒண்ணு வுட்டுப்போச்சி! மணம், கள்ளு, மயக்கம், அச்சம், எதுவுமே வரல! ஆத்தான்னா அத்த ஏன் வுட்டா?"

"ஆத்தா பேச்சுக்கே கொற சொல்றியா?" என்று நாலைந்து பேர் எழுந்தார்கள். என் மைத்துனன், வேண்டாவின் புருஷன், என் தோளைப் பிடித்து அழுத்தி, "கொஞ்சம் குடி, மச்சான். வெயிலு" என்று ஒரு சொம்புக் கூழை நீட்டினான். தொண்டை வறண்டிருந்தது. வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

மூர்த்தி கைதட்டினான்.

அத்தனை அமைதியில் அந்தக் கைதட்டல் கடற்கரை முழுக்கக் கேட்டது. ஆத்தாள் மெள்ள அவன் பக்கம் திரும்பினாள்.

"டேய் கோவளத்தான்! எதுக்குடா தட்டின?"

மூர்த்தி தட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "அய்யா குடிச்சாரு, தாயே. குடிச்சா தட்டுவேன்."

"போன மாசம் இவன் இன்னா பேசினான்?"

"தமிழு... தமிழு நல்லதுன்னு பேசினாரு, தாயே."

"அதுக்கு முந்தின மாசம்?"

"அதுவும் தமிழ்தான், தாயே."

போன மாதம் நான் பேசியது 'உப்பு' என்னும் சொல்லைப் பற்றி. அதற்கு முந்தின மாதம் 'வலை'. இரண்டும் அவன் பிறந்த ஊரில் வாசலுக்கு வாசல் கிடக்கும் பொருள்கள். நான் மூர்த்தியைப் பார்த்தேன். அவன் மணலைப் பார்த்தான். நான் மாப்பிள்ளையாக்க நினைத்த காது ஒரு நாளும் திறந்திருக்கவில்லை. சொல்லத்தான் வேண்டும், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இவனுக்கா எம் பொண்ணக் குடுக்கப் பாத்த?" என்றாள் ஆத்தாள். "அவ எம் புள்ள. ரெண்டு வருசத்துக்கு யாரும் அவகிட்ட தாலிப் பேச்சு எடுக்கக்கூடாது. ஆவணி பொறந்ததும் அவ டிரெய்னிங் போவணும். கற்பூரத்த அணச்சி சத்தியம் பண்ணுடா, பூவராகவா!"

தட்டில் கற்பூரம் வந்தது. இதை விளையாட்டு என்று நான் ஒதுக்கிவிட முடியாது. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துக் கெங்கையம்மன் முன்னால் செய்கிற சத்தியத்தைக் கடலுக்குப் போகிற ஜனம் மீறுவதில்லை. மீறியவன் வீட்டுக்கு ஊரில் யாரும் போகமாட்டார்கள். அவன் கூடப் பிறந்தவர்களின் கட்டுமரத்தில் வேற்றாள் ஏறமாட்டான். என் அண்ணன் தம்பிகள் கூட்டத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தியம் பண்ணிடுங்க அய்யா" என்றான் மூர்த்தி, எல்லோருக்கும் முன்னால்.

நான் வச்சலாவைத் தேடினேன். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றாள். நாட்கணக்காக ஒன்றும் உண்ணாத என் மகளின் கையில் ஒரு கருவாட்டுத் துண்டு பாதி கடித்தபடி இருந்தது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வரும் நாளில் என் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஆத்தாள் தேவையில்லை. செங்கல்பட்டிலேயே நான் ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்திருந்தால் பஸ் செலவு மிச்சம்.

கற்பூரத்தை அணைத்தேன். உள்ளங்கை சுட்டது. மனசு லேசாக இருந்தது.

"சத்தியம், தாயே" என்றேன்.

ஆத்தாள் மலையேறினாள். சம்பூர்ணம் மணலில் உட்கார்ந்து தலைமயிரை முடிந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இன்னா ஆச்சி? ஏன் அல்லாரும் என்னியே பாக்கறீங்க? வச்சலா நைனா, ஒனக்கு இன்னா கையில காயம்?"

வச்சலா அதற்குள் இரண்டாவது சொம்பில் இருந்தாள்.

மூர்த்தி கோவளத்துக்கு இப்படியே கரையோரமாக நடந்து போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். அவன் நடந்த வேகத்தைப் பார்த்தால் வழியில் எங்கும் தண்ணீர் குடித்திருக்கமாட்டான். நாங்கள் மூவரும் மகாபலிபுரம் வந்து பஸ் ஏறினோம். பஸ் நிற்கும் இடத்தில் பூக்காரி கூடையை நீட்டினாள்.

"அத்த ரெண்டு மொழம் குடு" என்றாள் சம்பூர்ணம்.

பஸ் நகர்ந்தது. நான் ஆரம்பித்தேன்.

"நீ என் பெயரைச் சொன்னாய்."

"அய்யய்யோ! நானா? என் வாயி அழுவிப்போவாது?"

"சொன்னாய். பல முறை சொன்னாய். டேய் என்றும் சொன்னாய்."

"ஆத்தா சொல்லிருப்பா. அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? சாமி வந்தவளுக்கு நெனப்பு இருக்குமா? நீதான படிச்சவன், நீயே சொல்லு."

தெய்வம் ஏறப்பெற்றவன் தன்னை மறக்கிறான் என்பது என் பேச்சிலேயே வருகிறது.

கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு சொல் மாறவில்லை. என் இருமலைக்கூட அவள் தெரிந்து வைத்திருக்கிறாள். என் பேச்சைக் கேட்க ஒரு காது வேண்டுமென்று தாலுகா முழுக்கத் தேடினேன். அந்தக் காது இத்தனை வருஷமும் என் அடுப்பங்கரையில் இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஆசையாகவும் இருந்தது. கேட்டுவிடுவது என்று துணிந்தேன். பக்கத்து ஸீட்டுக்காரருக்குக் கேட்காமல் அவள் பக்கம் சாய்ந்தேன்.

"சம்பூர்ணம், பேச்சு எப்படி இருந்தது?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பூவைத் தலையில் செருகினாள். முன் ஸீட்டில் வச்சலாவின் தோள் குலுங்கியது. இந்தத் தடவை அது அழுகை இல்லை என்று எனக்கே தெரிந்தது. திருக்கழுக்குன்றத்து மலை வந்து, பின்னால் போயிற்று. சம்பூர்ணம் என் பக்கம் திரும்பினாள்.

"நல்லாதான் கீது. நடுவுலதான் ரொம்ப இழுவ. அத்த ஆத்தாளே வுட்டுட்டா."